பலகையில் ஒட்ட ஒரு வார்த்தை

1

இந்த வருடத்துக்கான வார்த்தை எனக்குக் கிடைத்துவிட்டது. அப்பாடா என்று இருக்கிறது. என்ன வார்த்தை, எதற்கு வார்த்தை என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். இங்கே வந்து இத்தனை காலம் ஆன எனக்கே அது கொஞ்சம் கூத்தாகத்தான் தெரிகிறது. முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் விருத்தாசலத்துக்காரி. நியூசிலாந்தில் ஹாமில்டன் என்ற ஊரில் பல் செய்கிறேன். பல் மருத்துவர் அளவெடுத்து அனுப்புவார். நாங்கள் பீங்கானில் பல்லைச் செய்து திருப்பி அனுப்புவோம். ஏழெட்டுப் பேர் மட்டும் வேலை செய்யும் சின்னப் பட்டறை. எங்கள் மேலாளர் ஜூடித் நல்ல மனுஷி, ஆனால் யாரோ அவருக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். புது வருடத்தில் உறுதிமொழி எடுக்கக் கூடாதாம். எடுத்தால் யாரும் காப்பாற்றுவதில்லையாம். அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தை வருடம் முழுக்க நம் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகுமாம். டிசம்பர் கடைசியில் ஆளுக்கொரு சின்ன அட்டையைக் கொடுப்பார். வார்த்தையை எழுதி, டீ குடிக்கும் அறையில் இருக்கும் பலகையில் ஒட்ட வேண்டும்.

முதல் வருடம் வீட்டுக்காரரைக் கேட்டு 'முன்னேற்றம்' என்று எழுதினேன். தேர்தல் சுவரொட்டி மாதிரி இருந்தது. அடுத்த வருடம் 'பொறுமை'. போன வருடம் 'அமைதி'. அந்த அமைதிக்கு நேர்கீழே நின்றுகொண்டுதான் கூரியர்காரரிடம் பல்பெட்டியை உடைத்ததற்குச் சண்டை போட்டேன். எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் சியோனே டோங்கா தீவுக்காரர். அவர் ஒவ்வொரு வருடமும் 'கடல்' என்றே எழுதுகிறார். அவர் புத்திசாலி.

ஊரில் இந்தத் தொந்தரவே கிடையாது. தினசரி காலண்டரைக் கிழித்தால் போதும், நமக்கான வார்த்தை தானாக வந்துவிடும். மேஷத்துக்கு லாபம், ரிஷபத்துக்கு அலைச்சல், மிதுனத்துக்கு நட்பு. ஒரு ராசிக்கு ஒரு வார்த்தை, ஒரு நாளோடு முடிந்தது. என் தம்பி பாலு ஜங்ஷன் ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். கடைப்பெயர் போட்ட காலண்டர் ஒன்றை வருடா வருடம் எனக்கு அனுப்பி வைக்கிறான். இங்கே சமையலறையில் அது தொங்குகிறது. எனக்குக் கடகம். பெரும்பாலும் 'கவலை' அல்லது 'செலவு' என்று வரும். தப்பு என்று ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை.

இந்த முறை ஜூடித் கொடுத்த அட்டையில் எனக்கு எதுவும் எழுத வரவில்லை. விடுமுறையில் நிதானமாக யோசித்து, ஜனவரியில் பட்டறை திறக்கும்போது ஒட்டுங்கள் என்று விட்டுவிட்டார். வெற்று அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எழுத வராததற்குக் காரணம் உண்டு. என் மனதில் ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே மகள், யாழினி. அவள் எங்கே குடியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. ஊர் தெரியும், தெரு தெரியாது. கேட்டால் சொல்ல மாட்டாள். பெற்ற பிள்ளையின் விலாசம் தெரியாதவள் எந்த வார்த்தையை எழுதி எந்தப் பலகையில் ஒட்டுவது?

2

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பீங்கான் என்றால் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பொம்மை, பியூஸ் கட்டை, கோப்பை என்று ஏதாவது ஒன்று யார் வீட்டிலாவது ஒருவருக்குச் சோறு போட்டிருக்கும். நானும் ஊரிலேயே செராமிக் படித்துவிட்டு, கல்யாணம் ஆகும்வரை ஒரு பொம்மைக் கம்பெனியில் கண் வரைந்துகொண்டிருந்தேன். இங்கே வந்து, வீட்டுக்காரருக்குப் பஸ் ஓட்டும் வேலை நிலைத்த பிறகு, பல் செய்யும் படிப்பைப் படித்தேன். மாவு அதே மாவுதான். சூளைதான் சோற்றுக் குக்கர் அளவுக்குச் சிறுத்துவிட்டது.

சுட்டால் பீங்கான் சுருங்கும். அதனால் பல்லை வேண்டிய அளவைவிடப் பெரிதாகக் கட்டித்தான் உள்ளே வைக்க வேண்டும். எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். என் கணக்கு அடுப்பில் தப்புவதில்லை. பிள்ளை விஷயத்திலும் அப்படித்தான் பெரிதாகக் கட்டிவைத்தேன். மருந்தியல் படிப்பு, வெள்ளைக் கோட்டு, சொந்த மருந்துக்கடை, அதற்குப் பக்கத்திலேயே வீடு. கொஞ்சம் சுருங்கினாலும் ஒரு மருந்துக்கடையாவது மிஞ்சும் என்று நினைத்தேன்.

மூன்றாம் வருடம் பாதியில் யாழினி படிப்பை விட்டாள். தேனீ வளர்க்கப் போகிறேன் என்றாள். இந்த நாட்டின் தெற்குத் தீவில், திமாரூ என்ற ஊர்ப்பக்கம், ஒரு தேன் பண்ணையில் ஆள் கேட்டிருக்கிறார்கள். மாணவர் விடுமுறையில் ஒருமுறை அங்கே போய் வேலை செய்திருக்கிறாள். அது எனக்குத் தெரியும். அதை ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தேன். உறவுக்காரர்கள் கேட்டால் 'உணவுத் துறையில் இருக்கிறாள்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெண்ணாடத்தில் இருக்கும் என் நாத்தனார் அதைக் கேட்டுவிட்டு, அரசாங்க வேலையா என்று விசாரித்தார். நானும் மறுக்கவில்லை.

அவள் கிளம்பிய நாளில் வீட்டில் நடந்ததை முழுக்கச் சொல்லப் போவதில்லை. நான் நிறையப் பேசினேன். அவள் பேசவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "சரிம்மா, நான் போறேன்" என்றாள்.

நம் வீடுகளில் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டோம். பட்டறையில் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், நான் ஜூடித்திடம் நம் வழக்கப்படியே, போயிட்டு வரேன் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மனுஷி நான் ஏதோ வேலையாக வெளியே போய்த் திரும்பி வருவேன் என்று நினைத்து, பட்டறையைப் பூட்டாமல் நெடுநேரம் காத்திருந்தார். மறுநாள் விஷயம் தெரிந்ததும் பட்டறையே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன், யாழினிதான் அதிகமாகச் சிரித்தாள். அப்போது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அது தெரிந்த பெண்தான் வாசலில் நின்று போறேன் என்றாள். மொழி மறந்துபோய்ச் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

3

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அப்பா எப்படி இருக்காரு, நல்லா இருக்காரு. அங்க குளிரா, குளிர்தான். நான் விலாசம் கேட்டால், சிக்னல் சரியில்லை என்பாள். எனக்குத் தெரியாதா? விலாசம் கிடைத்தால் மறுநாளே விமானம் ஏறி வந்து நின்று, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்ற பயம். நியாயமான பயம்தான். கிடைத்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

தீபாவளிக்கு முறுக்கு சுட்டு வைத்துக்கொண்டு எங்கே அனுப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நாங்களே சாப்பிட்டோம். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவர் மட்டும் கூடுதல் ஒத்துழைப்புக் கொடுத்தார்.

ஆனால் அவள் பெயருக்குக் கடிதங்கள் மட்டும் எங்கள் வீட்டுக்குத் தவறாமல் வந்தன. வங்கியிலிருந்து, தேர்தல் அலுவலகத்திலிருந்து, பல்கலைக்கழகத்திலிருந்து. இந்த ஊரில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆள் வீடு மாறிப் போய்விட்டால், உறையின் மேல் 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதி மறுபடியும் தபால்பெட்டியில் போட்டுவிட வேண்டும். அனுப்பியவர்கள் அதோடு அந்தப் பெயரை அந்த வீட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். தபால்காரப் பெண் ஒருநாள் என்னிடம் அதை அன்பாகவே நினைவுபடுத்தினார். சரி சரி என்று தலையாட்டினேன். எழுதவில்லை. கடிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கிவைத்தேன். அவள் அறையில் படுக்கை விரிப்பைக்கூட மாதாமாதம் மாற்றினேன். இந்த முகவரியில் இல்லை என்று என் கையால் எப்படி எழுதுவது?

4

அவள் போன சில மாதத்தில் நாங்கள் இருவரும் ஊருக்கு வந்திருந்தோம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கொளஞ்சியப்பரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கும் முருகன் அவர். அங்கே பிராது கட்டுவது வழக்கம். ஒருவர் மேல் குறை இருந்தால் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அலையாமல், வெள்ளைத் தாளில் மனுவாக எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வரவேண்டும். சாமி நீதிபதி. முனியப்பர் அமீனா மாதிரி. எதிராளி வீட்டு வாசலில் போய் நிற்கிறவர் அவர்தான் என்பது எங்கள் நம்பிக்கை. காரியம் முடிந்ததும் மறுபடி போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். வாங்காதவரை வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டுக்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னார். புருஷன் மேல் பிராது கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், பங்காளி மேல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், பெற்ற பெண் மேல் யாராவது கொடுப்பார்களா என்று கேட்டார். நியூசிலாந்தில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், அவளுக்கு வயது வந்துவிட்டது, அவள் விவரத்தை உங்களிடம் சொல்ல முடியாது என்று பதில் வருகிறது. வயது வந்த பிள்ளை மேலும் தாய் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிற ஒரு ஆபீஸ் உலகத்தில் அது ஒன்றுதான் என்று நான் சொன்னேன்.

வெளியே ஒருவர் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் திட்டக்குடியிலிருந்து வந்த விவசாயி ஒருவர், மோட்டார் களவு போனதற்கு எழுதிக்கொண்டார். என் முறை வந்ததும், நான் எங்கிருந்து வருகிறேன் என்று எழுதுகிறவர் கேட்டார். மனு கொடுப்பவர் ஊரின் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட்டுத்தான் கட்டணம், நியூசிலாந்து என்றதும் பேனாவை மூடிவிட்டார். பின்னால் நின்றவர்கள் முனகத் தொடங்கினார்கள். மனு கொடுப்பவர் விலாசத்துக்கு உன் தம்பி வீட்டையே போட்டுவிடு என்று எங்கள் வீட்டுக்காரர் காதில் சொன்னார். அப்படியே ஆயிற்று.

"எதிராளி பேரு, விலாசம் மட்டும் சரியா சொல்லும்மா" என்றார் எழுதுகிறவர். "அது தப்பாப் போச்சின்னா முனியப்பரு யாரு வூட்டு வாசல்ல போயி நிப்பாரு?"

நான் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். என் மகள் யாழினி மறுபடியும் படிப்பில் சேர வேண்டும், தேனீயை விட்டு வரவேண்டும், வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மூன்று கோரிக்கை. முனியப்பரிடம் கட்டிவிட்டு வந்து, கடைத்தெருவில் டீ குடித்தேன். மனசு லேசாகத்தான் இருந்தது. அன்றைக்கு அதைத் தப்பென்று நினைக்கவில்லை. இப்போதும் முழுக்க நினைக்கவில்லை. சுற்றிலும் எல்லாக் கதவும் சாத்தியிருந்தால், திறந்திருக்கிற கதவில்தான் போக முடியும்.

5

திரும்பி வந்த பிறகு ஆரம்பித்தது பயம்.

முதலில் அவளைத் தேனீக்கள் கூட்டமாகக் கொட்டி, ஒரு கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் வீங்கியது. அதை ஆறிய பிறகுதான் சொன்னாள். அடுத்து, தேன்பெட்டிகளை ஏற்றிப் போன வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. அவளுக்கு அடி இல்லை. அப்புறம் மழையில் ஆறு பெருகி, அவள் பார்த்துக்கொண்டிருந்த பெட்டிகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒவ்வொன்றையும் அவள் போனில் சாதாரணமாகச் சொல்லச் சொல்ல, இங்கே நான் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருப்பேன். இதெல்லாம் தானாக நடக்கிறதா, நான் கட்டிவைத்த தாள் செய்கிற வேலையா? தேனீயை விட்டு வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேனே, எப்படி வரவழைக்க வேண்டும் என்று எழுதவில்லையே.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். முனியப்பருக்கு நியூசிலாந்து விசா யார் கொடுத்தது என்று கிண்டல் செய்தார். நமக்கே எத்தனை தடவை போட்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், அவர் மீசைக்கும் அரிவாளுக்கும் விமான நிலையத்தில் விடுவார்களா என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த ஞாயிறு போன் அரைமணி தாமதமானபோது அவரும் பஸ் சீருடையைக் கழற்றாமல் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்படித்தான் இந்தப் புத்தாண்டும் வந்தது. பாலு ஊரிலிருந்து வாழ்த்துச் சொல்ல வீடியோவில் கூப்பிட்டான். அவனுக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம். கடைக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டே பேசினான். எனக்கு என்ன தோன்றியதோ, பிராதை வாபஸ் வாங்கிடுடா என்றேன். படிக்க வேண்டாம், திரும்பி வரவும் வேண்டாம், என் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும்.

மறுநாளே கோயிலில் போய் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டான். நான் வர முடியாததால், கூடப்பிறந்தவன் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களாம். ஆனால் ஒரு சிக்கல் என்றான்.

"ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டோம், அதனால வாபஸ் வாங்கிக்கறோம்னு எழுதணும்க்கா. ஆயிட்டீங்களா நீங்க?"

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"சும்மாவாச்சும் எழுதிக் குடுத்துடட்டா?"

வேண்டாம் என்றேன். இந்த நாட்டு அலுவலகங்களில் எத்தனையோ படிவத்தில், 'மேலே சொன்னதெல்லாம் உண்மை' என்ற இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கே மட்டும் பொய் எழுத எனக்குத் தைரியம் இல்லை. பாலுவும் வற்புறுத்தவில்லை. பாப்பாகிட்ட பேசிட்டுச் சொல்லு, நான் காத்திருக்கேன் என்று வைத்துவிட்டான்.

6

அந்த ஞாயிறு வரை காத்திருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே கூப்பிட்டேன். இங்கே இப்போது கோடைக்காலம், தேன் எடுக்கும் பருவம். பகலில் அவள் எடுக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேதான் கூப்பிட்டேன். எடுத்துவிட்டாள். குரலில் பதற்றம்.

"என்னம்மா, அப்பாக்கு ஏதாச்சுமா?"

அப்பா நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன். பிறகு, சுற்றி வளைக்கத் தெரியாத வாய் எனக்கு, உன்மேல் கொளஞ்சியப்பரிடம் பிராது கொடுத்திருக்கிறேன் என்று போட்டு உடைத்தேன். சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

சின்னப் பெண்ணாக ஊருக்கு வந்தபோது அந்தக் கோயிலைப் பார்த்திருக்கிறாள். பேப்பர் எல்லாம் கட்டித் தொங்குமே, அந்தக் கோயிலா என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். என்ன எழுதினாய் என்று கேட்டாள். மூன்றையும் சொன்னேன். தேனீ கொட்டியதும், வண்டி சாய்ந்ததும், பெட்டி போனதும் என் தாளால்தானோ என்று தினமும் செத்துப் பிழைக்கிறேன் என்றும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். சமையலறையில் காலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குக் கடகத்துக்கு என்ன போட்டிருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"எனக்கு எந்த அட்ரஸ் போட்ட?"

"எந்த அட்ரஸ் போடுவாங்க? நம்ம வூட்டு அட்ரஸ்தான்."

"நான் அங்க இல்லையேம்மா."

எனக்கு உடனே புரியவில்லை. அவள்தான் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவளிடம் தமிழ் அப்படித்தான் வரும், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து. "நீ குடுத்த அட்ரஸுக்குத்தானே அவர் வருவாரு? அப்ப இத்தனை நாளா உன் வாசல்லதான் நின்னிருக்காரு. என்கிட்ட வரவே இல்ல." சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஜூடித் பட்டறையைப் பூட்டாமல் காத்திருந்த கதைக்குச் சிரித்தாளே, அதே சிரிப்பு. அவள் போனதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

நான் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் சொல்வது சரிதான். எழுதுகிறவர் அத்தனை தெளிவாகச் சொன்னார், விலாசத்தைச் சரியாகச் சொல் என்று. நான் ஹாமில்டன் வீட்டு எண்ணையும் தெருவையும் மணியாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவள் போய் மாதங்கள் ஆன பிறகு. அந்த வீட்டில் எதிராளி என்று யார் இருந்தது? படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டு, டின்னில் கடிதம் அடுக்கிக்கொண்டு, தூக்கம் கெட்டு இருந்தவள் நான்தான். முனியப்பர் வந்திருந்தால் என்னைத்தான் பிடித்திருக்கிறார். என் பெண்ணை அவர் தொடவே இல்லை. நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி ஓரமாக வைத்தது மாதிரி இருந்தது.

"தேனீன்னா கொட்டும்மா" என்றாள். "அது அதோட வேலை."

பிறகு பாலு சொன்னதைச் சொன்னேன். சமாதானம் என்று எழுத வேண்டுமாம், இல்லாததை அங்கே எழுத முடியாது, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவளுக்குப் பின்னால் தூரத்தில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"படிக்கப் போன்னு இனிமே கேப்பியா?"

"கேக்க மாட்டேன்."

"தேனீ பத்திக் கேப்பியா?"

இதற்கு நான் தயாராக இல்லை. இத்தனை ஞாயிறுகளில் சாப்பாட்டையும் குளிரையும்தான் கேட்டிருக்கிறேன். அவள் நாளெல்லாம் என்ன செய்கிறாள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் அந்த வேலையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

"கேப்பேன்" என்றேன்.

"பேனா இருக்கா? அட்ரஸ் சொல்றேன், எழுதிக்க."

கைப்பையைக் கொட்டினேன். பேனா கிடைத்தது. தாளாகக் கையில் அகப்பட்டது ஜூடித் கொடுத்த வெற்று அட்டைதான். அதில் எழுதிக்கொண்டேன். கிராமத்துச் சாலையின் பெயர், அவள் தங்கியிருக்கும் பழத்தோட்டத்தின் எண், அஞ்சல் வழி எண். ரோட்டோரத்தில் நீலத் தபால்பெட்டி இருக்கும், அதற்கு அடுத்த கேட்டில் நுழைந்தால் ஒரு கேரவன் வண்டி நிற்கும், அதுதான் வீடு என்றாள். வீடு என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் விறைத்தது, நான் ஏதாவது சொல்வேன் என்று. கேரவனில் அடுப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்றாள்.

சாயங்காலம் பணி முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் அட்டையைக் காட்டினேன். படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி படித்தார். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். முனியப்பரை விசா இல்லாமலேயே நம் வீட்டில் இத்தனை நாள் தங்கவைத்திருக்கிறோம், வெளியே சொல்லாதே என்றார்.

7

பட்டறை திறந்ததும் ஜூடித்திடம் போய் இன்னொரு அட்டை கேட்டேன். முன்பு கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்டார். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறேன், அது கழற்றக்கூடியது இல்லை என்றேன்.

புது அட்டையில் தமிழிலேயே 'வாபஸ்' என்று எழுதி ஒட்டினேன். எல்லோரும் அர்த்தம் கேட்டார்கள். கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வது என்று விளக்கினேன். ஜூடித் கொஞ்சம் யோசித்தார். வளர்ச்சிக்கான வார்த்தையாக இருக்க வேண்டுமே, இது பின்வாங்குகிற மாதிரி இல்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கு ஆங்கிலத்தில் அதற்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. கையில் நிறையப் புகார் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு வேறு எதையும் எடுக்க முடியவில்லை என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். சியோனே தலையை ஆட்டிவிட்டு, கூரியர்காரர் மேல் உள்ளதும் இதில் சேருமா என்று கேட்டார். சேரும் என்றேன். மனசில்லாமல்தான் சொன்னேன்.

அன்று வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உறைகளின் மேல் எங்கள் முகவரியை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, அதன் மேலேயே திமாரூ விலாசத்தை எழுதினேன். எழுத எழுதப் பழகிவிட்டது. தபால்காரப் பெண்ணிடம் கட்டாகக் கொடுத்தபோது அவர் எதுவும் கேட்கவில்லை, நன்றி மட்டும் சொன்னார். தை பிறந்ததும் நாங்கள் இருவரும் விமானம் ஏறுகிறோம், இழுத்துக்கொண்டு வர அல்ல. முறுக்கு சுட்டாகிவிட்டது. விமானத்தில் விடுவார்களா என்று வீட்டுக்காரர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் பாலு கோயிலிலிருந்து கூப்பிட்டான். பின்னால் மணிச் சத்தமும், வரிசையில் நிற்பவர்கள் பேசும் சத்தமும் கேட்டன. எழுதுகிறவரிடம் உட்கார்ந்திருக்கிறானாம். வாபஸ் மனுவில் மேலே எல்லாம் எழுதியாயிற்று, இரு தரப்பும் சமாதானம் என்பதுவரை வந்துவிட்டது என்றான்.

"பாப்பா விலாசம் கேக்கறாருக்கா. பழசையே போடவா?"

வேண்டாம் என்றேன். அட்டை சமையலறையில் இருந்தது, நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போக வேண்டியிருக்கவில்லை.

"எழுதிக்கச் சொல்லு" என்று, தோட்டத்து எண்ணிலிருந்து ஆரம்பித்து நீலத் தபால்பெட்டி வரைக்கும் பார்க்காமல் சொன்னேன்.